புள்ளியை வாசிப்பது யார்?

1997 முதல் 1999 வரையான மூன்று ஆண்டுகளில் ஒரே புரதக் குடும்பத்தைக் குறைந்தது ஐந்து ஆய்வுக்குழுக்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், கண்டுபிடித்துப் பெயர் வைத்தன. கோழிக் கருவின் செல்களில், ஆக்டின் என்ற புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைச் செல்லின் விளிம்புக்குக் கொண்டுபோக உதவும் 'பின்கோடு' போன்ற ஒரு பகுதி உண்டு. அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் இது என்று அமெரிக்காவில் ராபர்ட் சிங்கர் குழு சொன்னது. தவளை முட்டையில் வேறொரு ஆர்.என்.ஏ.வை அதன் இடத்தில் சேர்ப்பதாக இன்னொரு குழு அதையே பார்த்தது. எலியில் மிக் என்னும் மரபணுவின் ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் புரதமாக அது தென்பட்டது. ஜெர்மனியில் கணையப் புற்றில் அளவுமீறிக் கிடக்கும் புரதமாகக் கண்டார்கள். கோபன்ஹேகனில் யான் கிறிஸ்டியான்சனும் ஃபின் சிலியஸ் நீல்சனும், கருவின் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 என்ற காரணியின் ஆர்.என்.ஏ.வில் அதைப் பிடித்து, 1999இல் ஐ.எம்.பி. என்று பெயரிட்டார்கள். ஒரே அம்மன் ஊருக்கு ஒரு பெயரில் இருப்பது போலத்தான்.

இந்த ஐவரில் ஒருவர் வாயிலும் மெத்தில் என்ற சொல் வரவில்லை. அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.வின் மேலுள்ள மெத்தில் குறியைப் படிக்கும் வாசகர் என்ற செய்தி 2018இல்தான் வந்தது. அதாவது, எதைப் படிக்கிறார் என்று தெரிவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே வாசகர் கையில் கிடைத்துவிட்டார். புற்றுநோய்ப் பரவலில் ஆர்.என்.ஏ. மெத்திலேற்றத்தின் பங்கு என்ன என்ற கேள்வியை இந்த வாசகரின் பக்கமிருந்து பார்த்தால்தான் பிடி கிடைக்கிறது என்பது என் எண்ணம். குறியின் பக்கமிருந்து பார்த்தவர்கள் ஏன் ஒருவருக்கொருவர் முரண்பட்டு நிற்கிறார்கள் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

மெத்தில் என்பது ஒரு கார்பன், அதனோடு மூன்று ஹைட்ரஜன். அவ்வளவுதான். மரபணுவிலிருந்து படியெடுத்துப் புரதம் செய்யும் இடத்துக்குப் போகும் தூதுவர் ஆர்.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள் உள்ளன. அவற்றில் ஒன்றான அடினோசினின் ஆறாம் இடத்து நைட்ரஜனில் இந்தத் துணுக்கு ஒட்டிக்கொண்டால் அதை எம்6ஏ என்பார்கள். தமிழில் இதற்குப் புள்ளியைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. 'க'வின் தலையில் புள்ளி வைத்தால் 'க்'. எழுத்தின் உடல் அப்படியே இருக்கிறது, ஒலிதான் மாறுகிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்பார்கள். எது மெய், எது உயிர்மெய் என்பதை ஏட்டைப் படிப்பவர்தான் முடிவு செய்தார். ஏடு ஒன்று, வாசிப்பு பல என்ற நிலை அப்படி வந்தது. செல்லுக்குள் புள்ளி இருக்கிறது. ஆனாலும் வாசிப்பு பலவாகத்தான் இருக்கிறது.

எம்6ஏ தூதுவர் ஆர்.என்.ஏ.வில் இருப்பது 1974இலேயே தெரியும். எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் வழி இல்லாததால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது உறங்கிக் கிடந்தது. 2011இல் சிகாகோவில் சுவான் ஹே குழு, எஃப்.டி.ஓ. என்ற நொதி இந்தப் புள்ளியை அழிக்கும் என்று காட்டியதும் துறை விழித்துக்கொண்டது. வைத்த புள்ளியை அழிக்கவும் செல்லில் ஆள் இருக்கிறது என்றால் அது வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. அடுத்த ஆண்டே இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் புள்ளிகளின் முதல் வரைபடங்களை வெளியிட்டன. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வில், குறிப்பாகப் புரதச் செய்தி முடியும் இடத்தை ஒட்டி, புள்ளிகள் குவிந்திருந்தன. புள்ளி வைப்பது மெட்டில்3, மெட்டில்14 என்ற இரட்டையர். மெட்டில்3தான் நொதி வேலையைச் செய்கிறது, மெட்டில்14 ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக் கொடுக்கிறது.

அந்த எஃப்.டி.ஓ. கோபன்ஹேகன் இருக்கும் டென்மார்க்கில் ஏற்கெனவே பிரபலம். உடற்பருமனோடு தொடர்புடைய மரபணுவாக 2007இல் அது அறிமுகமானது. மறு ஆண்டே 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேனிஷ் மக்களிடம் செய்த ஆய்வு, அதன் ஒரு வகையால் வரும் எடைகூடல் உடலுழைப்பு இல்லாதவர்களிடம் அதிகம் என்றது. பிறகு வந்த ஆய்வுகள், எடைக்கான பொறுப்பில் பெரும்பங்கு தள்ளியிருக்கும் இன்னொரு மரபணுவுடையது என்று கைகாட்டின. பெயரில் கொழுப்பு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். மெத்தில் துறையில் இப்படி முதலில் பழியோ புகழோ சுமந்தவர்கள் பிறகு விடுவிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது.

பரவலுக்கு வருவோம். முதலில் தோன்றிய கட்டிக்கும், பரவிப்போய் நுரையீரலிலோ எலும்பிலோ வளர்ந்த கட்டிக்கும் மரபணுப் பிழைகளை ஒப்பிட்டால், முக்கியமானவை பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. பரவலுக்கென்றே தனியான மரபணுப் பிழை என்று எதையும் திரும்பத் திரும்பக் காட்ட முடியவில்லை. அப்படியென்றால், இடத்தை விட்டுக் கிளம்பி, ரத்தக்குழாயில் புகுந்து, அந்நிய மண்ணில் இறங்கி வேர்விடும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? அதே மரபணுக்களை வேறு விதமாகப் பயன்படுத்துவதிலிருந்துதான் வர வேண்டும். பயணம் முழுக்கச் செல் தன் சுபாவத்தை நொடிக்கு நொடி மாற்றியாக வேண்டும். பக்கத்துச் செல்லை விட வேண்டும், ரத்த ஓட்டத்தில் சாகாமலிருக்க வேண்டும், இறங்கிய இடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு விரைவான மாற்றத்துக்கு டி.என்.ஏ.வைத் திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. கையிலிருக்கும் ஆர்.என்.ஏ.க்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழித்துப்போடுவது என்று தீர்மானித்தால் போதும்.

இங்கேதான் கோபன்ஹேகன் புரதம் முக்கியமாகிறது. எலிக் கருவில் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அந்த ஐ.எம்.பி. குடும்பத்தில் ஒன்றான ஐ.எம்.பி.1 உச்சத்தில் இருக்கும். பிறந்தபின் ஏறக்குறைய மறைந்துவிடும். 2004இல் அதே குழு ஐ.எம்.பி.1 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தது. அவை சராசரியாக 40 சதவீதம் சிறியவையாக இருந்தன, குடல் ஒழுங்காக உருவாகவில்லை. கரு என்பதே செல்கள் ஓயாமல் இடம்பெயரும் காலம்தான். முதுகோரத்தில் பிறக்கும் நிறமிச் செல்கள் தோல் முழுக்க நடந்து போய்ச் சேர்வது அப்போதுதான். அந்தக் காலத்துக்கு மட்டும் தேவையான கருவி, வேலை முடிந்து பரணில் ஏறிய பிறகு, புற்றுக்கட்டியில் மறுபடி கீழே இறங்குகிறது.

2006இல் யோனாஸ் விகேசா முதலாசிரியராக வந்த ஆய்வு இதைக் கிட்டத்தில் காட்டியது. படையெடுக்கும் செல் தன் அடிப்புறத்திலிருந்து சிறு கால்களை நீட்டும். இந்தக் கால்களைப் பார்க்க ஆய்வகங்களில் எளிய முறை ஒன்று உண்டு. ஒளிரும் சாயம் ஏற்றிய ஜெலட்டினைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசி, மேலே செல்களை இறக்கிவிடுவார்கள். சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒளிரும் தரையில் கறுப்புக் கறுப்பாகப் பொத்தல்கள் தெரியும். செல் காலூன்றி, நொதியை விட்டுத் தரையை அரித்த இடங்கள் அவை. கோபன்ஹேகன் குழு ஐ.எம்.பி.களை ஒடுக்கியபோது செல்கள் சரியாக ஒட்டவில்லை, விரியவில்லை, இந்தக் கால்களும் உருவாகவில்லை. காரணத்தைத் தேடியபோது ஒட்டுதலுக்கான பல புரதங்களின் ஆர்.என்.ஏ.க்கள் ஒருசேரக் குறைந்திருந்தன. குறிப்பாக சிடி44 என்ற மேற்பரப்புப் புரதத்தின் நீண்ட ஆர்.என்.ஏ., ஐ.எம்.பி. இல்லாமல் நிலைக்காமல் சிதைந்தது. அந்த சிடி44ஐ மட்டும் தனியே ஒடுக்கினாலும் அதே விளைவு. அதே ஆண்டில் அமெரிக்காவில், சிறுநீரகப் புற்று நோயாளிகளின் திசுக்களில் ஐ.எம்.பி.3 இருந்தால் நோய் பரவும் வாய்ப்பு அதிகம் என்று இன்னொரு குழு எழுதியது. இன்று நோயியல் ஆய்வகங்களில் ஐ.எம்.பி.3க்கான சாயம் பழக்கமான பொருள்.

2014இல் கோபன்ஹேகனிலிருந்து இன்னொரு துண்டு சேர்ந்தது. குறு ஆர்.என்.ஏ.க்கள் என்று ஒரு வகை, பெரிய ஆர்.என்.ஏ.க்களைத் தேடிப் பிடித்து அழிக்கும். ஐ.எம்.பி.3 தான் பற்றிய ஆர்.என்.ஏ.க்களைத் தனித் துகள்களுக்குள் வைத்துக்கொள்கிறது, அந்தத் துகள்களில் அழிக்கும் கூட்டத்துக்கு இடமில்லை என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் 'பாதுகாப்பு வீடு'. வெளியே ரோந்து நடக்கும்போது உள்ளே பதுங்கியிருக்கும் அந்த ஆர்.என்.ஏ.க்களில் ஒன்று, புற்றோடு நெருங்கிய உறவுள்ள ஹெச்.எம்.ஜி.ஏ.2.

யாரை உள்ளே விடுவது என்பதை அந்த வீடு எப்படித் தீர்மானிக்கிறது? 2018இல் அமெரிக்காவில் ஜியான்ஜுன் சென் குழு சொன்ன விடை: எம்6ஏ புள்ளி வைத்தவரை. ஐ.எம்.பி.கள் புள்ளியிட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்.என்.ஏ.க்களைப் பற்றி நிலைநிறுத்துகின்றன என்றது அந்த ஆய்வு. மிக் அதில் முதன்மையானது. எலியில் அன்று பார்த்தவர்கள் சொன்னது இப்போது புள்ளியோடு சேர்ந்து புரிந்தது. இந்தப் புரதத்தின் எந்த மடிப்பு புள்ளியை நேராகத் தொட்டு உணர்கிறது என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. ஆனாலும் வேடிக்கையைக் கவனியுங்கள்: 2014இலேயே ஒய்.டி.எச்.டி.எஃப்.2 என்ற இன்னொரு வாசகர் தெரிந்திருந்தார். அவர் அதே புள்ளியைப் பார்த்தால் அந்த ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கக் கொண்டுபோவார். ஒரே புள்ளி. ஒருவருக்கு அது 'காப்பாற்று', இன்னொருவருக்கு 'அழி'.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பரவல் பற்றிய ஆய்வுகளைப் புரட்டினால் தலைசுற்றல் கொஞ்சம் குறைகிறது. கல்லீரல் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டில்14 பரவலைத் தடுக்கிறது, அது குறைந்த கட்டிகள்தான் பரவுகின்றன என்று ஓர் ஆய்வு 2017இல் வந்தது. மெட்டில்3 கல்லீரல் புற்றை வளர்க்கிறது என்று இன்னோர் ஆய்வு 2018இல் வந்தது. இரண்டும் ஒரே இதழில். இருவரும் சேர்ந்தால்தான் பேனா எழுதும். அதில் ஒருவர் காவலராம், இன்னொருவர் கூட்டாளியாம். மூளைப் புற்றிலும் இதே கூத்து. மெட்டில்3ஐக் குறைத்தால் கட்டி வேகமாக வளர்கிறது என்று 2017இல் ஓர் அமெரிக்கக் குழு சொன்னது. புற்றின் மூலச் செல்கள் தங்கவும் கதிர்வீச்சைத் தாங்கவும் மெட்டில்3 அவசியம் என்று 2018இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் குமரவேல் சோமசுந்தரம் குழு காட்டியது. புள்ளியை அழிக்கும் எஃப்.டி.ஓ.வும் விலக்கல்ல. நிறமிச் செல்களில் எழும் மெலனோமாவில் அது புற்றுக்குத் துணை என்கிறார்கள். தோல், மார்பகம் போன்ற மேற்படலப் புற்றுகளில் அது குறைவதுதான் பரவலுக்கு வழிவிடுகிறது என்று 2021இல் பிரஸ்ஸல்ஸ் குழு ஒன்று சொன்னது.

சில முரண்களுக்கு அளவுகோலே காரணம். பழைய வரைபடங்கள் எதிர்ப்புரதத்தை வைத்துப் புள்ளியுள்ள துண்டுகளை அள்ளி எடுத்தவை. ஒரே வகைச் செல்லில் இரண்டு ஆய்வுகள் கண்ட இடங்கள் 30 முதல் 60 சதவீதம்தான் ஒத்துப்போகின்றன என்று 2020இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. இன்னொரு அடி 2022, 2023இல் விழுந்தது. புள்ளி வைக்கும் இரட்டையர் இடம் பார்த்து, தேர்ந்தெடுத்து வைப்பதில்லை, ஆர்.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் மூட்டுகளில் உட்காரும் புரதக் கூட்டம் மறைக்காத இடத்திலெல்லாம் வைத்துவிடுகிறார்கள் என்று அடுத்தடுத்துச் சில குழுக்கள் எழுதின. செல் யோசித்து யோசித்துப் புள்ளி வைக்கிறது, புற்றுச் செல் அதைச் சூழ்ச்சியாக மாற்றி வைக்கிறது என்ற கதைக்கு இது நல்லதல்ல. புள்ளி பெரும்பாலும் இயல்பாகவே விழுகிறது என்றால், சூழ்ச்சி நடக்கும் இடம் வாசிப்புதான்.

ஆனால் வாசகர் பக்கமும் எல்லாம் நேர்கோடு அல்ல, இதை மறைப்பது நேர்மையாகாது. கோழிச் செல்லில் இதே புரதத்தைக் கண்ட சிங்கரின் குழு, மார்பகப் புற்றுச் செல்களில் ஐ.எம்.பி.1 படையெடுப்பை அடக்குவதாகவே பார்த்தது. ஒட்டுதலுக்கான ஆர்.என்.ஏ.க்களை அது உரிய மூலையில் வைத்திருக்கிறது, அதனால் செல் திசை மாறாமல் நிலைகொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். கோபன்ஹேகன் கண்டதும் ஒட்டுதல்தான், ஆனால் முடிவு எதிர்த்திசையில். ஒட்டத் தெரிந்தால்தான் ஏறவும் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பனையேறியின் காலும் மரத்தைப் பற்றத்தான் செய்கிறது.

கட்டியில் கண்ணில் பட்டதையே காரணம் என்று நம்பிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை கோபன்ஹேகன் நகரத்துக்குப் புதிதல்ல. யோஹன்னஸ் ஃபிபிகர் எலிகளின் இரைப்பையில் ஒரு புழுவைக் கண்டு, அதுதான் புற்றை உண்டாக்குகிறது என்று காட்டியதாக எல்லாரும் நம்பினார்கள். 1926ஆம் ஆண்டுக்கான நோபல் அவருக்கு. எலிகளுக்குக் கிடைத்த உணவில் வைட்டமின் ஏ இல்லாததே பெரும் காரணம், அவர் பார்த்தவற்றில் பல புற்றே அல்ல என்று பிறகு தெரிந்தது. புழு அங்கே இருந்தது உண்மை. கூட இருந்தவரெல்லாம் குற்றவாளி இல்லை.

எம்6ஏ மட்டுமே மெத்திலேற்றம் அல்ல. ஆர்.என்.ஏ.வில் 170க்கும் மேற்பட்ட வேதி மாற்றங்கள் தெரியும். புரதம் செய்யும் எந்திரமான ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.விலும் நூறுக்கும் மேல் மெத்தில்கள் உண்டு, ஆனால் எழுத்தில் அல்ல, எழுத்தைத் தாங்கும் சர்க்கரை முதுகெலும்பில். இதை அளக்கக் கோபன்ஹேகனில் ஹென்ரிக் நீல்சன் குழு 2015இல் தந்த முறை கைவேலை அழகுள்ளது. ஆர்.என்.ஏ.வைக் காரத்தில் போட்டால் எல்லா இணைப்பிலும் உடையும், மெத்தில் உட்கார்ந்த இணைப்பில் மட்டும் உடையாது. உடைந்த நுனிகளையெல்லாம் எண்ணினால், நுனி இல்லாத இடம் மெத்தில். மழை விட்டபின் நிறுத்தியிருந்த காரை எடுத்தால் அடியில் மட்டும் தரை காய்ந்திருக்குமே, அதுபோல. அதை வைத்து ஆண்டர்ஸ் லுண்டின் ஆய்வகத்தோடு சேர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்கள் எல்லா ரைபோசோமிலும் மெத்தில் பெற்றவை அல்ல, சிலவற்றில் மட்டுமே என்று 2016இல் தெரிந்தது. ஆக, ஒரு செல்லுக்குள் ரைபோசோம்கள் ஒரே அச்சு அல்ல. 2021இல் மிக் மரபணுவைத் தூண்டினால் இந்த மெத்தில்கள் மாறுகின்றன, அதனால் எந்தச் செய்தி எளிதாகப் புரதமாகிறது என்பதும் மாறுகிறது என்று லுண்ட் குழு காட்டியது. புற்று வளர்ச்சியோடு இதற்கு உறவு தெளிவு. பரவலோடு உள்ள உறவு இன்னும் ஊகத்துக்கு மேல் அதிகம் போகவில்லை.

பரவலோடு மிக நேரான உறவைக் காட்டிய ஆய்வு நடந்தது டென்மார்க்கில் அல்ல, பக்கத்து ஜெர்மனியில். 2022இல் மிக்கேலா ஃபிரை குழு வாய்ப்புற்றுச் செல்களில், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ஒரு கடத்து ஆர்.என்.ஏ.வில் என்சுன்3 என்ற நொதி வைக்கும் மெத்திலைப் பின்தொடர்ந்தது. அந்த மெத்தில் இருந்தால் மைட்டோகாண்ட்ரியா தன் புரதங்களை வேகமாகச் செய்து, செல்லுக்குப் பயணச் செலவுக்கான ஆற்றலைத் தருகிறது. இல்லாவிட்டால் கட்டி வளர்கிறது, பயணம் போவதில்லை. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்த நம் ஊருக்கு இது நெருக்கமான செய்தி. மைட்டோகாண்ட்ரியாவின் புரத வேலையைத் தடுக்கும் ஆன்ட்டிபயாடிக் மருந்துகள் எலிகளில் பரவலைக் குறைத்தன. வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் வகையறா அவை. எலிகளில் என்ற சொல்லை மறுபடி படித்துவிட்டு மேலே போகவும்.

டென்மார்க்கின் இன்னொரு நகரம் ஓர்ஹுஸ். அங்கே யோர்கன் கியெம்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் ஹான்சன் 2013இல் சிர்ஸ்-7 என்ற வளைய ஆர்.என்.ஏ.வை விளக்கினார். முனை இல்லாத, வளையல் போல மூடிய ஆர்.என்.ஏ. அது. 2020இல் நியூயார்க்கில் ஏவா ஹெர்னாண்டோ குழு, மெலனோமாவில் இந்த வளையம் மறைந்தால் ஐ.எம்.பி.3 கட்டவிழ்ந்து பரவலைத் தூண்டுகிறது என்று கண்டது. ஓர்ஹுஸின் வளையமும் கோபன்ஹேகனின் வாசகரும் கடல் கடந்து ஒரு கட்டியில் சந்தித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஓர்ஹுஸில் லாசே கிறிஸ்டென்சன் குழு ஒரு குண்டைப் போட்டது. குடல் புற்றில் சிர்ஸ்-7 புற்றைத் தூண்டுகிறது என்று வரிசையாக ஆய்வுகள் வந்திருந்தன. இவர்கள் திசுவை அரைக்காமல், மெல்லிய சீவலாக வைத்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார்கள். வளையம் புற்றுச் செல்களில் இல்லவே இல்லை. சுற்றியிருந்த தாங்குதிசுச் செல்களில்தான் இருந்தது. கட்டி முழுவதையும் அரைத்து அளந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை இந்த வீட்டுக் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

மெத்தில் ஆய்வுகளில் பெரும்பகுதி இன்னும் அரைத்து அளப்பதுதான் என்பதால், மருந்து பற்றிய நம்பிக்கையையும் அந்த அளவுக்கே வைக்கிறேன். கேம்பிரிட்ஜில் உருவான மெட்டில்3 தடுப்பான் 2021இல் எலிகளில் ரத்தப் புற்றை அடக்கியது. அதன் வழித்தோன்றலான எஸ்.டி.சி-15, 2022 முடிவில் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்குப் போனது. வளர்ச்சியை நிறுத்த இது உதவலாம். பரவலைப் பொறுத்தவரை, எல்லாப் புள்ளியையும் ஒரே வீச்சில் துடைத்தால் காக்கும் வாசகரும் அழிக்கும் வாசகரும் சேர்ந்தே வேலையிழப்பார்கள். எந்தப் பக்கம் சாயும் என்பது கட்டிக்குக் கட்டி மாறும். பெரியவர் உடலில் அதிகம் தேவைப்படாத ஐ.எம்.பி.1, 3 ஆகியவற்றைக் குறிவைப்பது கூடுதல் புத்திசாலித்தனம் என்று படுகிறது. அவற்றின் சகோதரனான ஐ.எம்.பி.2 மட்டும் பெரியவர்களிடமும் வேலை செய்கிறது, அதைத் தொடாமல் விடும் மருந்து வேண்டும்.

இதையெல்லாம் நோயாளிகளின் திசுவில் சரிபார்க்க டென்மார்க்கைவிட வசதியான நாடு குறைவு. புற்றுநோய்ப் பதிவேடு 1943இலிருந்து நாடு முழுக்கத் தொடர்கிறது. 1968 முதல் அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்த எண்ணோடு மருத்துவமனை நோயியல் துறைகளில் மெழுகில் பதித்த திசுக் கட்டிகள். யாருக்குப் பரவியது, யாருக்குப் பரவவில்லை என்று பல ஆண்டுகள் கழித்தும் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் மெழுகுக்கு முன் அந்தத் திசு ஃபார்மலினில் ஊறியது. ஃபார்மலின் ஆர்.என்.ஏ.வை நொறுக்குவதோடு நிற்பதில்லை. அடினினின் அதே ஆறாம் இடத்து நைட்ரஜனில் தன் பங்குக்கு ஒரு துணுக்கை ஒட்டுகிறது: மெத்திலோடு ஓர் ஆக்ஸிஜன் கூடியது, எஃப்.டி.ஓ. ஒரு புள்ளியை அழிக்கும்போது இடைவழியில் தோன்றும் அதே உரு. சூடாக்கினால் பெருமளவு உதிர்ந்துவிடும், எல்லாம் உதிராது. மிச்சமிருப்பது கட்டி வைத்ததா, பாட்டில் வைத்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.